அவை முன்னவராகப் பதில் சொல்ல வேண்டிய மாணவியை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: மணலிச் சாலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வடசென்னையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் பாடம் நடத்துகிறேன். அடுத்த மாதம் எங்கள் பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தவிருக்கிறோம். உறுப்பினர் பதவியேற்பு, இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், ஒரு சட்டமுன்வடிவு என்று ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. மற்றவை எல்லாம் எழுதி வைத்துப் படிப்பவை என்பதால் கவலையில்லை. கேள்வி நேரம்தான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவை முன்னவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். துறைக்கு ஓர் அமைச்சர் என்று நிறுத்துவதற்கு ஆள் போதாததால், அரசின் சார்பில் எல்லாக் கேள்விகளுக்கும் அவளே பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பேச்சுப்போட்டிகளில் நிறையப் பரிசு வாங்கியவள். அந்தப் பழக்கமே இப்போது இடைஞ்சலாகிவிட்டது.

சென்ற வெள்ளிக்கிழமை முதல் ஒத்திகை. முதல் மாடி வகுப்பறையில் பெஞ்சுகளை லாடம் போல வளைத்துப் போட்டு, தலைமையாசிரியர் அறையிலிருந்து மேசை மணியைக் கடன் வாங்கி அவைத்தலைவராக இருக்கும் பையன் கையில் கொடுத்தோம். கேள்விகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். தங்கள் தெருவிலிருந்துதான் எடுத்து வந்தார்கள். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு எப்போது அகற்றப்படும், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஏன் மணிக்கணக்கில் நிற்கின்றன, சமையல் எரிவாயு விலையை யார் தீர்மானிக்கிறார்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுக் குடும்பங்கள் எதைக் கொண்டு வாழ்வது, 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, அதன் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாக வந்தன.

முதல் கேள்விக்கே அவள் நான்கு நிமிடம் பேசினாள். தூய்மை பற்றி ஒரு குறள், காந்தியடிகள் பற்றி ஒரு வரி, நாளைய தலைமுறை பற்றி இன்னும் இரண்டு வரி. பெஞ்சுகள் தட்டப்பட்டன. உடனே எதிர்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எந்த மாதத்துக்குள் என்று மாண்புமிகு அவை முன்னவர் சொல்வாரா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அவள் மின்விசிறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கையெல்லாம் பேனா மை ஆக்கிக்கொண்டாள். சிரிப்பு எழுந்தது, மணி அடித்தும் அடங்கவில்லை.

பிறகு ஆசிரியர் அறைக்கு வந்து, "தெரியாது என்று சொல்லலாமா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. உண்மையான அவையில் தலைவர்கள் இதை எப்படிக் கையாளுகிறார்கள்? கேள்விகள் அவர்களுக்கு முன்பே தெரியுமா? நானும் கேள்விகளை முன்கூட்டியே அவளிடம் கொடுத்துவிட வேண்டுமா, அல்லது அது ஏமாற்று வேலையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பெரம்பூர் ஓய்வூதியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கோட்டையில் நிருபர்கள் மாடத்தில் உட்கார்ந்து பல கூட்டத்தொடர்களைக் குறிப்பெடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். அவை முன்னவர் என்பவர் அவையின் அலுவல்களை அரசின் சார்பில் ஒழுங்குபடுத்துபவர். எல்லாத் துறைக் கேள்விகளுக்கும் பதில் சொல்வது அவர் வேலையாக இருந்ததில்லை. மக்களவையில் பிரதமர் அந்த அவையின் உறுப்பினராக இருந்தால் அவரே அவை முன்னவர். ஆகவே உங்கள் மாணவியைப் பிரதமர் என்றே அழையுங்கள். எல்லாக் கேள்விக்கும் அவள் எழுந்து நிற்பதற்கு அப்போது ஓரளவு பொருத்தம் வந்துவிடும். அமைச்சரவை கூட்டாக மக்களவைக்குப் பொறுப்புடையது என்று அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு சொல்வதையும் அவளுக்குச் சொல்லி வையுங்கள். தன் துறை இல்லை என்று தலைவர் தட்டிக் கழிக்க முடியாததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அவள் கேட்டதற்கு என் விடை: சொல்லலாம். ஆனால் தெரியாது என்ற ஒற்றைச் சொல்லோடு உட்கார்ந்துவிட முடியாது. எந்த விவரம் கையில் இல்லை, அதை எப்போது அவைக்குத் தருவேன் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது அவையில் செல்லும் பதில்.

கேள்விகள் முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். நம் நாட்டில் தெரியும், அதுவும் நன்றாகவே. மக்களவையில் பதினைந்து நாள்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அமைச்சகங்களை ஐந்து தொகுதிகளாகப் பிரித்துத் திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள் ஒதுக்கியிருப்பதால், எந்த அமைச்சர் எந்த நாளில் எழுந்து நிற்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20. அவற்றுக்கு வாய்மொழியாகப் பதில். நட்சத்திரக் குறி இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் பதில். இருபதும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஐந்தாறு முடிவதற்குள் பன்னிரண்டு அடித்துவிடும் நாள்களே மிகுதி.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? துணைக் கேள்வியில். அச்சிட்ட கேள்விக்கு அச்சிட்ட பதில் இருக்கிறது. பல நேரங்களில் அமைச்சர் அதைப் படிப்பது கூட இல்லை, அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்படுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதன் பிறகு கேள்வி கேட்டவர் எழுந்து இரண்டு துணைக் கேள்விகள் கேட்பார், அவைத்தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்பார்கள். அதற்கு முன்னறிவிப்பு கிடையாது. உங்கள் வகுப்பறையில் அந்தப் பையன் கேட்டது சரியான துணைக் கேள்வி. அவனை மெச்ச வேண்டும்.

இந்த உரிமை ஒரே நாளில் வந்ததும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்த பிறகு, 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். அதிகாரிகள் சுற்றுப்பயணம் வரும்போது அவர்களுக்குச் சாமான்கள் கொடுத்துத் தீர வேண்டிய ஊர்ப்புறக் கடைக்காரர்களின் கஷ்டத்தைப் பற்றியது அது. (உங்கள் பிள்ளைகள் தெருப் பிரச்சினையைக் கொண்டுவந்தார்கள் என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.) ஆனால் அன்று பதிலைக் கேட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். கேள்வி கேட்டவர் துணைக் கேள்வி கேட்கலாம் என்பது 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வந்தது. மற்ற உறுப்பினர்களும் கேட்கலாம் என்பதற்கு 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது.

துணைக் கேள்விக்குத் தயாராவது ஒரு தனிக் கலை. அமைச்சர் கையில் இருக்கும் கோப்பைப் பார்த்தால், பக்கவாட்டில் வண்ண வண்ணமாகக் காகித நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்பார்க்கும் துணைக் கேள்வி ஒன்றுக்கு ஒரு நாக்கு. கோப்பில் இல்லாததைக் கேட்டால் கண்கள் அதிகாரிகள் மாடத்தை நோக்கிப் போகும். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு கை மாறிக் கை மாறி வரும். ஒருமுறை ஒரு மூத்த அமைச்சருக்கு அப்படி வந்த சீட்டு, அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பிரிப்பதற்குள் அவை அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அவரோ முந்தைய கேள்விக்கான ஏரிக் கணக்கை, ரேஷன் கடை பற்றிக் கேட்டவருக்குப் பதிலாகப் படித்துவிட்டார். அவை சிரித்து ஓய்ந்ததும், "இது முந்தைய உறுப்பினருக்கு உரியது, அவர் எடுத்துக்கொள்ளட்டும்" என்றார் சற்றும் கலங்காமல். அந்தக் கலங்காமையையும் உங்கள் மாணவி கற்றுக்கொள்ளலாம்.

எனவே என் யோசனை இது. முதன்மைக் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அது ஏமாற்று வேலை ஆகாது, அவை விதியே அப்படித்தான். துணைக் கேள்விகளை மட்டும் அவளிடம் காட்டாதீர்கள். அவளுக்குப் பின்வரிசையில் இரண்டு பிள்ளைகளை அதிகாரிகளாக உட்கார வைத்துச் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பதில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் மணி அடிக்கட்டும்.

கேள்விகளையும் சற்றுத் திருத்த வேண்டும். மக்களவை விதிப்படி ஒரு கேள்வி 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. அதில் வாதமோ கிண்டலோ குற்றச்சாட்டோ இருக்கக் கூடாது. வெறும் கருத்தைக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. முக்கியமாக, ஒன்றிய அரசின் பொறுப்புக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். குப்பை அள்ளுவது மாநிலப் பட்டியலில் உள்ள பொதுச் சுகாதாரத்தைச் சேர்ந்தது, களத்தில் அது மாநகராட்சியின் வேலை. கொடுங்கையூர் கிடங்கு எப்போது அகற்றப்படும் என்று மக்களவையில் கேட்டால், மாநிலப் பொருள் என்று செயலகமே திருப்பி அனுப்பிவிடும். அதே கேள்வியை, "2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், பழங்குப்பையை அகற்றச் சென்னைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, விடுவித்த தொகை எவ்வளவு?" என்று எழுதினால் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஒதுக்கியது, விடுவித்தது என்ற அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் துணைக் கேள்விகள் எல்லாம் குடியிருக்கின்றன.

மணலிச் சாலை ஆசிரியை

மிக்க நன்றி ஐயா. துறைகளின் எல்லைக்கோட்டைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது. கண்டெய்னர் லாரிக் கேள்வியும் மீன்பிடித் தடைக்காலக் கேள்வியும் எந்தப் பக்கம் சேரும் என்று யாராவது விளக்க முடியுமா? பிள்ளைகள் இந்த இரண்டையும் விட மாட்டோம் என்கிறார்கள்.

பதில்: காசிமேட்டுக் கணக்கர்

விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதுபவன். தடைக்காலக் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பது காரணம். அந்த இரண்டு மாதமும் துறைமுகத்துக்கு வந்து பார்த்தால் படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலை பின்னுவார்கள். படகுக்காரருக்குச் செலவு, கூலிக்காரருக்கு வருமானம் இல்லை.

யார் பொறுப்பு என்பதற்குக் கடலிலேயே கோடு போட்டிருக்கிறார்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடலில் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் வருகிறது. தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குத்தான். அதற்கு அப்பால் உள்ள கடல் ஒன்றியப் பட்டியலில் வருகிறது. ஆகவே ஒரே தடைக்காலத்துக்கு இரண்டு அரசுகளும் இரண்டு தனித்தனி ஆணைகள் போடுகின்றன. மீனுக்குத் தான் எந்தப் பட்டியலில் நீந்துகிறோம் என்று தெரியாது, எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவள் பிரதமராக நின்று பதில் சொல்வதென்றால், 12 மைலுக்கு அப்பால் தன் அரசு என்ன செய்கிறது, நிவாரணத் தொகையில் தன் அரசின் பங்கு என்ன, மாநிலத்தின் பங்கு என்ன என்று மூன்றையும் பிரித்துச் சொல்லட்டும். மொத்தமாக "மீனவர் நலனில் அக்கறை கொண்ட அரசு இது" என்று தொடங்கினால், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது அந்த அவையில் இருந்தால், மணி அடித்தாலும் உட்கார மாட்டார்கள்.

இன்னொன்று. அவையில் சொல்லும் பதில் கரையில் எப்படிக் கேட்கிறது என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் நாங்கள் கொடுத்த மனு ஒன்றைப் பற்றி அவையில் யாரோ கேட்டு, "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்ததாகச் செய்தித்தாளில் படித்தோம். அன்று மாலை டீக்கடையில் பாதிப் பேர் அது கிடைத்துவிட்டது என்றும், மீதிப் பேர் அது கிடைக்காது என்றும் சண்டை போட்டார்கள். இரண்டு தரப்பும் அந்த ஒரே சொல்லைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள்.

பிறகு விவரம் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. பரிசீலனையில் உள்ளது, ஆராய்ந்து பார்க்கிறேன், தகவல் திரட்டி அவையின் மேசையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி ஆகிவிடுகிறது. மக்களவையில் மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் கூடுதல் காலம் கேட்க வேண்டும். நம் சட்டமன்றத்திலும் இதே பெயரில் ஒரு குழு இருக்கிறது. அன்றிலிருந்து டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எங்களைப் பற்றி வரும் ஒவ்வொரு பதிலுக்கும் தேதி போட்டு, எதிரே மூன்று மாதம் கழித்து வரும் தேதியையும் எழுதி வைக்கிறேன். எதிரே உள்ள தேதிகளில் பாதிக்கு மேல் சும்மா கடந்து போயிருக்கின்றன என்பது வேறு விஷயம்; எழுதி வைத்திருப்பதால்தான் கடந்து போனது தெரிகிறது.

உங்கள் பெண் "தெரியாது, வெள்ளிக்கிழமை தருகிறேன்" என்று சொன்னால், யாராவது ஒரு பிள்ளையை அந்த வெள்ளிக்கிழமையை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

லாரி விஷயம் எனக்கு அரைகுறைதான். சென்னைத் துறைமுகமும் எண்ணூர் காமராஜர் துறைமுகமும் பெரிய துறைமுகங்கள் என்ற வகையில் ஒன்றிய அரசின் கீழ் வருகின்றன. காட்டுப்பள்ளி அந்த வகையில் வராது. எந்த லாரி எந்த வாசலுக்குப் போகிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

பதில்: பழைய வண்ணை

வண்ணாரப்பேட்டையில் பிறந்து இப்போது லண்டனின் கிழக்குப் பகுதியில் இருக்கிறேன். இங்கே நடப்பதையும் சொன்னால் ஆசிரியைக்குப் பயன்படலாம்.

பிரிட்டனில் அவை கூடும் வாரங்களில் புதன்கிழமை நண்பகல் 12 மணிக்கு அரை மணி நேரம் பிரதமர் கேள்வி நேரம். 1961இல் செவ்வாய், வியாழன் என்று வாரம் இரண்டு முறை கால் மணி நேரமாக இருந்ததை, 1997இல் டோனி பிளேர் பதவிக்கு வந்ததும் வாரம் ஒருமுறை அரை மணி நேரமாக மாற்றினார். உறுப்பினர்களின் பெயர்களைக் குலுக்கிப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து நிகழ்ச்சி நிரலில் போடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அச்சில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் பிரதமரின் இன்றைய அலுவல்கள் என்ன என்பதுதான். அவர் காலையில் அமைச்சர்களைச் சந்தித்ததாக ஒரு வரி சொல்லி உட்கார்ந்ததும், உறுப்பினர் தன் உண்மையான கேள்வியைத் துணைக் கேள்வியாகக் கேட்பார். பிரதமரின் அலுவல் பட்டியலுக்குள் உலகில் உள்ள எல்லாமும் அடங்கும் என்பதால் மருத்துவமனை வரிசை, போர், ஊர்ப் பாலம், வீட்டு வாடகை என்று எதையும் கேட்கலாம். எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் ஆறு கேள்விகள்.

ஆகவே பெரம்பூர் ஐயா சொன்ன துணைக் கேள்வியின் ஆபத்து இங்கே அரை மணி நேரமும் நீடிக்கிறது. உங்கள் மாணவி ஒருத்தியே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போகிறாள் என்றால் அவள் நிலைமை நம் நாட்டு அமைச்சரை விட இந்தப் பிரதமரின் நிலைமைக்குத்தான் நெருக்கம். இவர் எப்படிச் சமாளிக்கிறார்? தலைப்பு வாரியாகப் பிரித்த தடித்த கோப்பு ஒன்று முன்னால் இருக்கும். அதிலிருந்து ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் எண்ணையும் ஒரு செயலையும் எடுத்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நீளமாகப் பேசுபவருக்கு இங்கே கூச்சல்தான் பரிசு.

எல்லாம் சிறப்பு என்று சொல்ல மாட்டேன். சொந்தக் கட்சிக்காரர் எழுந்து பிரதமரைப் புகழ்வதற்கென்றே ஒரு கேள்வி கேட்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதற்கு டோரதி டிக்சர் என்று பெயரே இருக்கிறது. பத்திரிகையில் வாசகர் கேள்விகளுக்கு யோசனை சொல்லிவந்த ஓர் அமெரிக்கப் பெண்மணியின் புனைபெயரான டோரதி டிக்ஸ் என்பதிலிருந்து வந்தது அது. கூச்சலில் விவரம் காணாமல் போவதும் உண்டு. 2002 முதல் குழுத் தலைவர்கள் சேர்ந்த ஒரு குழுவின் முன் பிரதமர் வந்து அமர்ந்து, கூச்சல் இல்லாமல் மணிக்கணக்கில் பதில் சொல்கிறார். செய்தியில் வருவது புதன்கிழமை. விவரம் வேண்டியவர்கள் பார்ப்பது இந்தக் குழு அமர்வை.

பதில்: கொருக்குப்பேட்டை வாசகர்

எல்லோரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. 2020 செப்டம்பரில் பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எந்தக் குடியும் முழுகிவிடவில்லை. 2005 டிசம்பரில், கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கியதாகப் பதினொரு உறுப்பினர்கள் பதவி நீக்கம் செய்யப்பட்டார்கள். நம் சட்டமன்றத்திலோ 110ஆம் விதியின் கீழ் அறிவிப்பைப் படித்துவிட்டால், அதன் மேல் விவாதம் கிடையாது. பிள்ளைகளுக்கு இந்த நாடகத்தைக் கற்றுக் கொடுப்பதற்குப் பதிலாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதக் கற்றுக் கொடுங்கள்.

பதில்: பெரம்பூர் ஓய்வூதியர்

கொருக்குப்பேட்டை நண்பருக்கு. மனு எழுதக் கற்றுக் கொடுப்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் கேள்விக்கு மதிப்பே இல்லை என்றால் அதைக் கேட்க ஒருவன் ஏன் பணம் கொடுக்கப் போகிறான்? 2020இலும் வாய்மொழிக் கேள்விகளைத்தான் எடுத்தார்கள், எழுத்துப் பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. எதை எடுத்தார்கள் என்று பாருங்கள்: துணைக் கேள்வி கேட்க வழி இருந்த பகுதியை.

110ஆம் விதி பற்றி நீங்கள் சொன்னது சரி, அது என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அறிவிப்பைப் படிக்கும் தலைவர் எவ்வளவு கம்பீரமாக இருப்பார் என்பதையும், அதே தலைவர் துணைக் கேள்விக்கு முன் எவ்வளவு கவனமாகச் சொல் தேடுவார் என்பதையும் மாடத்தில் இருந்து பார்த்தவனுக்கு எது நாடகம் என்று தெரியும்.

ஒரு பழைய கதை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்த மறு ஆண்டே, 1957இல், முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவுக்குப் பணத்தை முதலீடு செய்தது. அது பற்றி மக்களவையில் எழுந்த கேள்விகளுக்கு வந்த பதில்கள் யாருக்கும் திருப்தி தரவில்லை. ஃபெரோஸ் காந்தி விடாமல் துருவினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் வேறு. நீதிபதி சாக்ளா தலைமையில் அமைத்த ஆணையம் வெளிப்படையாக விசாரணை நடத்தியது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், பதவி விலகினார். மழுப்பிய பதில் ஒன்றின் மேல் அடுத்த கேள்வி விழுந்துகொண்டே இருந்ததால் நடந்தது இது.

லண்டன் நண்பர் சொன்ன முறை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பதினாறு வயதுப் பெண்ணை முன்னறிவிப்பே இல்லாமல் அரை மணி நேரம் நிறுத்துவது பயிற்சி ஆகாது, தண்டனை. நம் முறையிலேயே தொடங்கட்டும்.

மணலிச் சாலை ஆசிரியை

நேற்று இரண்டாம் ஒத்திகை முடிந்தது; இங்கே எழுதியவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும்.

முதன்மைக் கேள்விகள் ஆறையும் நான்கு நாள்களுக்கு முன்பே அவளிடம் கொடுத்தேன். பின்வரிசையில் இரண்டு பிள்ளைகள் அதிகாரிகளாக அமர்ந்தார்கள். பழைய அட்டைக் கோப்பு ஒன்றில் நோட்டின் ஓரங்களை வெட்டி அவளே காகித நாக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தாள். பச்சை நாக்கு மீனுக்கு, சிவப்பு எரிவாயுவுக்கு. குறள் வரவில்லை. தடைக்காலக் கேள்விக்கு 12 கடல் மைல் கணக்கைச் சொல்லி, ஒன்றியம் செய்வது இது, மாநிலம் செய்வது இது என்று பிரித்துவிட்டு ஒரு நிமிடத்துக்குள் உட்கார்ந்தாள். வகுப்பில் காசிமேட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் எழுந்து, பங்குத் தொகை குடும்பத்துக்கா, ஆளுக்கா என்று கேட்டான். சீட்டு வந்தது. படித்தாள், தலையசைத்தாள், சொன்னாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

கொருக்குப்பேட்டை ஐயா சொன்னதையும் விட்டுவிடவில்லை. எண்ணூர் எண்ணெய்க் கசிவு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போன விஷயம் என்பதால் அவைத்தலைவராக இருந்த பையன் விதியைக் காட்டி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. கேட்ட மாணவி கோபித்துக்கொண்டாள். அதைத் தகவல் கேட்கும் மனுவாக எழுத வைத்திருக்கிறோம்.

லாரிக் கேள்வியில்தான் சறுக்கல். எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் வண்டிகளில் பெரிய துறைமுகங்களுக்குப் போகிறவை எவை, மற்றவை எவை, வாசலில் தாமதம் யாரால் என்று முன்பு அவளைத் திணறடித்த அதே பையன் துணைக் கேள்வி கேட்டான். பச்சை நாக்கு, சிவப்பு நாக்கு எதிலும் அது இல்லை. பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு அதிகாரிகளும் உதட்டைப் பிதுக்கினார்கள். சிறிது நேரம் நின்றாள். பிறகு, "மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, இந்த விவரம் இப்போது என் கையில் இல்லை. வரும் வெள்ளிக்கிழமைக்குள் அவையின் மேசையில் வைக்கிறேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள். சிரிப்பு எழவில்லை. பையன் நேராகக் கரும்பலகைக்குப் போய் வலது மூலையில் "உறுதிமொழி 1: வெள்ளி" என்று எழுதினான்.

அடுத்த பாடவேளை கணக்கு. அந்த ஆசிரியர் பலகை முழுவதையும் அழித்துவிட்டு, அந்த மூலையை மட்டும் சுற்றிக் கட்டம் போட்டு விட்டுவைத்திருக்கிறார். இன்று மாலை அவளும் இரண்டு அதிகாரிகளும் நூலகத்தில் இருக்கிறார்கள்.

காசிமேட்டு ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் நோட்டின் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் வந்து காட்ட முடியுமா?

காசிமேட்டுக் கணக்கர்

தடைக்காலத்தில் என்றால் எந்த நாளும் வருகிறேன் டீச்சர். மற்ற மாதங்களில் ஏலம் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் முடியும். நோட்டில் டீசல் வாடை இருக்கும், பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.